மரு மருந்துக்குப் பேட்டன்ட்டா, ரகசியமா, பெயர்ப் பதிவா? மலையில் மருந்து செய்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

மே மாதம் ஊட்டி மலர்க் கண்காட்சிக் கூட்டத்தை நம்பிக் கடை போடுகிறார்கள். நீலகிரித் தைலம், விண்டர்கிரீன் தைலம் பாட்டில்களுக்கு நடுவே புதிதாக ஒரு சின்னப் பாட்டில்: மருவுக்குப் பூசும் மருந்து. நன்றாகவே விற்கிறது. ஜூனில்தான் "இதற்குப் பேட்டன்ட் வாங்கலாமா?" என்ற கேள்வி வருகிறது. விடையில் பாதி, மே மாதம் முதல் பாட்டில் கைமாறியபோதே முடிவாகிவிட்டது.

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் இரண்டு வகை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தைலம் காய்ச்சி விற்பவர்கள் ஒரு வகை. மருந்தியல் ஆய்வகத்தில் ஜெல்லோ களிம்போ செய்து பார்த்த மாணவர், ஆசிரியர் இன்னொரு வகை. இருவர் முன்னால் இருக்கும் வழிகளும் ஒன்றுதான். ஆனால் ஒருவருக்குப் பொருந்துவது மற்றவருக்குத் தண்டச் செலவு.

இன்னொரு குழப்பத்தையும் முதலிலேயே தீர்த்துவிடலாம். சித்த மருந்து உரிமத்தில் "பேட்டன்ட் அல்லது புரோப்ரைட்டரி மருந்து" என்று ஒரு வகை இருக்கிறது. 1940-ஆம் ஆண்டு மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தில் வரும் சொல் அது. பழைய நூல்களில் உள்ளபடியே செய்யாமல், நூலில் சொன்ன சரக்குகளை வைத்துத் தாமே வகுத்துக்கொண்ட மருந்து என்பதுதான் அதன் பொருள். நாம் இங்கே பேசும் பேட்டன்ட், அதாவது காப்புரிமை, 1970-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தில் வருவது; அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த உரிமம் கையில் இருக்கும்போதே பக்கத்துக் கடைக்காரர் அதே மருந்தைச் செய்யலாம்.

## எதை வைத்து முடிவு செய்வது

புதுமை எங்கே இருக்கிறது? மூலப்பொருளிலா, கலவையிலா, செய்முறையிலா, பூசும் கருவியிலா, அல்லது பெயரில் மட்டுமா? மற்றக் கேள்விகளெல்லாம் இதற்குப் பின்னால்தான்.

வெளியே சொல்லியாகிவிட்டதா? விண்ணப்பிக்கும் முன்பே வெளியானது காப்புரிமைக்குப் புதிதாகாது. விற்பனை, கண்காட்சி, கல்லூரிச் சுவரொட்டி, இணையத்தில் ஏறிய ஆய்வேடு, யூடியூப் வீடியோ எல்லாமே கணக்கில் வரும். கற்றோர் அவையில் வாசித்த கட்டுரைக்கும், மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சியில் காட்டியதற்கும் 12 மாதச் சலுகை உண்டு. சாலையோரக் கடைக்கு அந்தச் சலுகை கிடையாது.

பாட்டிலை வாங்கிப் பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடுமா? தெரிந்துவிடும் என்றால் ரகசியம் என்ற வழி அடைபட்டது.

எந்தச் சந்தை, எத்தனை வருடம்? கோயம்புத்தூர் வரைதானா, வெளிநாடு வரைக்குமா?

மீறுபவர் மேல் வழக்குப் போடும் தெம்பு உண்டா? காப்புரிமை என்பது மற்றவரைத் தடுக்கும் உரிமை. அரசாங்கம் வந்து தடுத்துத் தராது. உங்களுக்கு விற்கும் அனுமதியும் அதில் அடங்காது. மருந்து உரிமம் தனி.

"மரு" என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுவது உண்மையில் நாலைந்து நோய்: எச்.பி.வி. வைரஸால் வரும் சொரசொரப்பான மரு, குழந்தைகளுக்கு முத்து முத்தாக வரும் மொலஸ்கம், கழுத்தில் தொங்கும் தோல் மரு, வயதானவர்கள் முதுகில் ஒட்டவைத்தது போல இருக்கும் செபோரிக் கெரட்டோசிஸ். எதற்கு மருந்து என்று பிரித்து எழுதாத விண்ணப்பம் அங்கேயே தடுமாறும்.

## வழி 1: கலவைக்குக் காப்புரிமை

எல்லோரும் ஆசைப்படுவது இதற்குத்தான். இந்தியாவில் மருந்துப் பொருளுக்கே காப்புரிமை தருவது 2005 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. ஆனால் எதற்கெல்லாம் காப்புரிமை கிடையாது என்று சொல்லும் சட்டத்தின் பிரிவு 3 பெரிய சல்லடை. மரு மருந்துகள் அதில் நிறையவே சிக்கிக்கொள்கின்றன.

அம்மான் பச்சரிசிப் பால், எருக்கம்பால், பூண்டு, சுண்ணாம்பு என்று மருவுக்குக் கைவைத்தியமாக இருப்பதெல்லாம் பாரம்பரிய அறிவு. அதற்குக் காப்புரிமை இல்லை. சித்த மருத்துவ நூல்களின் குறிப்புகள் பாரம்பரிய அறிவு மின்னூலகத்தில் ஏற்றப்பட்டிருப்பதால் காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் தேடினால் கிடைத்துவிடும். இயற்கையில் கிடைக்கும் பொருளைப் பிரித்தெடுத்ததற்காக மட்டும் தரமாட்டார்கள். அம்மான் பச்சரிசியின் உறவுச் செடியான யூஃபோர்பியா பெப்லஸ் பாலிலிருந்து எடுத்த இன்ஜெனால் மெபுடேட் ஜெல், வெயிலால் தோலில் வரும் ஆக்டினிக் கெரட்டோசிஸுக்காக 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தோல் புற்றுநோய் அச்சத்தால் 2020-இல் ஐரோப்பாவில் நிறுத்தப்பட்டது. நாட்டு வைத்தியத்தில் இருப்பதாலேயே ஒன்று பாதுகாப்பானது என்று விண்ணப்பத்தில் எழுதாதீர்கள்.

தெரிந்த பொருளுக்குப் புதுப் பயன் கண்டுபிடித்தேன் என்பதும் செல்லாது. தெரிந்த பொருளின் புது வடிவம் என்றால் குணப்படுத்தும் திறன் கூடியிருப்பதைக் காட்ட வேண்டும். பிரிவு 3(டி)-இல் "திறன்" என்பது மருந்தைப் பொறுத்தவரை நோய் தீர்க்கும் திறன்தான் என்று 2013 ஏப்ரல் 1 அன்று நோவார்டிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "மருவின் மேல் இதைத் தினம் இருமுறை பூசும் முறை" என்ற கோரிக்கையும் (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று விண்ணப்பத்தில் எழுதும் வரி) எடுபடாது. மனிதருக்குச் சிகிச்சை செய்யும் முறைக்கு இங்கே காப்புரிமை இல்லை. அமெரிக்காவில் உண்டு. அங்கே எழுதியதைப் பார்த்து அப்படியே இங்கே எழுதுவது வழக்கமான தவறு.

மலையில் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் கலவை. மருவுக்கு உலகம் முழுக்கத் தெரிந்த மருந்து சாலிசிலிக் அமிலம். பூசியதும் காய்ந்து படலமாகும் கொலோடியன் கரைசலில் 17 சதவீதம் வரை கரைத்துப் பூசுவார்கள். அதில் நம் நீலகிரித் தைலத்தைச் சேர்த்தால் புதிதாகிவிடும் என்று நினைக்கிறார்கள். தைலத்தில் பெரும்பங்கு சினியோல். சினியோல் தோலுக்குள் மருந்தை இறக்க உதவும் என்பது ஆய்விதழ்களில் எப்போதோ வந்துவிட்டது. அதனால் "துறை அறிந்தவருக்கு இது எளிதில் தோன்றும்" என்ற ஆட்சேபம் வரும். கூடவே, இரண்டு பொருளின் குணங்களும் வெறுமனே சேர்ந்திருக்கின்றன என்ற ஆட்சேபமும் வரும்.

இதற்குப் பதில் வாய்வார்த்தையில் இல்லை, அட்டவணையில் இருக்கிறது. குறைந்தது நாலு கை, அதாவது ஒப்பிட்டுப் பார்க்கும் நாலு சோதனைப் பிரிவு, வேண்டும்:

1. மருந்தில்லாத வெறும் அடித்தளம்
2. அடித்தளத்தில் சாலிசிலிக் அமிலம் மட்டும்
3. அடித்தளத்தில் தைலம் மட்டும்
4. இரண்டும் சேர்ந்தது

இரண்டாவதிலும் நாலாவதிலும் அமிலத்தின் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். மூன்றாவதிலும் நாலாவதிலும் தைலத்தின் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். நாலாவதன் பலன், இரண்டு மூன்றின் பலனைக் கூட்டினாலும் தாண்டி நிற்க வேண்டும். பலர் மூன்றாவது கையை விட்டுவிடுகிறார்கள். அதை விட்டால் கூட்டுப்பலன் என்று எதைச் சொல்வது? இன்னொன்று: ஃபிரான்ஸ் செல்லில் (தோல் வழியே மருந்து இறங்குவதை அளக்கும் கருவி) பன்றிக் காதுத் தோலை 32 டிகிரியில் வைத்துச் சோதிப்பவர்கள், தோலுக்குக் கீழே உள்ள அறையின் திரவத்தில் எவ்வளவு மருந்து இறங்கியது என்பதை மட்டும் அளந்து மகிழ்கிறார்கள். மரு மருந்துக்கு வேண்டியது தோலின் மேலடுக்கில் மருந்து தங்குவது. ரத்தத்துக்குப் போய்ச் சேருவது குற்றமே தவிரக் குணமில்லை. தங்கிய அளவைத் தனியாக எடுத்து அளந்து, அதைத்தான் முன்னால் வைக்க வேண்டும்.

தேயிலைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பச்சைத் தேயிலைச் சாற்றிலிருந்து எடுத்த கேட்டசின்கள் 15 சதவீதம் கொண்ட களிம்பு, பிறப்புறுப்புப் பகுதியில் வரும் மருவுக்காக 2006-இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது. வெரிஜென் என்ற பெயரில் வந்த அது, அங்கே தாவர மருந்து என்ற வகையில் முதலில் அனுமதி பெற்றது. ஆகவே "தேயிலைச் சாறு மருவைக் கரைக்கும்" என்பது புதுச் செய்தி இல்லை. குன்னூர் இலை என்பதாலும் அது புதிதாகிவிடாது.

எழுதும்போது: 17 சதவீதம் என்று ஒரே எண்ணை மட்டும் கோரினால் எதிராளி 16 போட்டுத் தப்பிவிடுவார். 1 முதல் 60 வரை என்று கோரினால் உங்கள் எடுத்துக்காட்டுகள் அதைத் தாங்காது. முதலில் ஒரு நியாயமான வரம்பு, அதற்குக் கீழே குறுகிய வரம்பு, அதற்கும் கீழே சரியான எண் என்று படி இறங்கி எழுதுங்கள். ஒவ்வொரு படிக்கும் செய்து பார்த்த எடுத்துக்காட்டு வேண்டும்.

மறைந்த செலவு: அரசுக் கட்டணம் பயமுறுத்தாது. தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம், கல்வி நிறுவனம் என்றால் இணைய வழியில் விண்ணப்பம் ரூ.1,600 (30 பக்கம், 10 கோரிக்கை வரை), விண்ணப்பத்தை அலுவலகம் பரிசோதிக்கக் கேட்கும் பரிசோதனைக் கோரிக்கை ரூ.4,000. அதன்பின் 3 முதல் 6-ஆம் ஆண்டு வரை ஆண்டுக்கு ரூ.800, 10 வரை ரூ.2,400, 15 வரை ரூ.4,800, 20 வரை ரூ.8,000. இருபது ஆண்டும் கட்டினால் எல்லாம் சேர்த்து மொத்தம் ரூ.82,400. விண்ணப்பம் எழுதித் தரும் ஏஜென்ட் கட்டணமும் சோதனைச் செலவும்தான் உண்மையான சுமை. சிறு நிறுவனமாகக் கட்டிவிட்டுப் பிறகு பெரிய நிறுவனத்துக்கு உரிமையை எழுதிக்கொடுத்தால் கட்டண வித்தியாசத்தைக் கட்ட வேண்டிவரும். விலை பேசும்போதே இதைப் பேசுங்கள்.

இதற்குமேல் பல்லுயிர்ச் சட்டம். மலையிலிருந்து எடுத்த செடி என்றால், எங்கிருந்து எடுத்தது என்று விவரக்குறிப்பில் (கண்டுபிடிப்பை விளக்கி விண்ணப்பத்தோடு தரும் ஆவணம்) சொல்ல வேண்டும்; மறைத்தால் அதையே காரணமாகக் காட்டிக் காப்புரிமையை ரத்து செய்யலாம். 2023 திருத்தத்தின்படி, இந்தியர்கள் காப்புரிமை வழங்கப்படும் முன் சென்னை தரமணியில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். வணிகத்துக்கு இறங்கும்போது ஒப்புதல் பெற வேண்டும். குறும்பரோ இருளரோ சொல்லித் தெரிந்துகொண்ட மருந்தைச் சொந்தக் கண்டுபிடிப்பாக எழுதுவது சட்டப்படியும் செல்லாது, நியாயப்படியும் செல்லாது.

யாருக்கு: நாலு கைச் சோதனையும் முடித்து, இன்னும் யாருக்கும் காட்டாமல் வைத்திருக்கும் ஆய்வகத்துக்கு.

## வழி 2: செய்முறைக்கும் கருவிக்கும் காப்புரிமை

பழைய மருந்துதான், ஆனால் செய்யும் விதம் புதிது. அல்லது பூசும் விதம் புதிது. என் மதிப்பில் மலைக்காரர்கள் அதிகம் கவனிக்காமல் விடும் வழி இது.

கேந்தரிடின் நல்ல உதாரணம். கொப்புளம் உண்டாக்கும் ஒரு வண்டிலிருந்து வரும் பொருள். தோல் மருத்துவர்கள் நெடுங்காலமாகத் தொட்டு வைத்தது. 2023 ஜூலையில் 0.7 சதவீதக் கரைசலாக மொலஸ்கத்துக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது, அதைச் சுற்றிப் போட்ட வேலி கலவையும் பூசும் கருவியும்தான். உள்ளே கண்ணாடிக் குப்பி. அதை உடைத்து ஒருமுறை பூசிவிட்டுத் தூக்கிப்போட வேண்டும். எங்கே பூசினோம் என்று தெரிய ஊதா நிறம். குழந்தை நக்கிவிடாமல் இருக்கக் கசப்பு. மூலப்பொருள் பழசு, சிக்கலைத் தீர்த்த விதம் புதுசு.

கருவியின் உருவம் மட்டும்தான் புதிது என்றால் காப்புரிமைகூடத் தேவையில்லை. டிசைன் பதிவு போதும்: சிறியவர்களுக்குக் கட்டணம் ரூ.1,000, 10 ஆண்டு, இன்னும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். ஆனால் அது தோற்றத்தைத்தான் காக்கும், வேலை செய்யும் விதத்தைக் காக்காது.

செய்முறையை எழுதும்போது மலைக்கே உரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், மேட்டுப்பாளையத்தில் 99. "கொதிக்கும் நீரில் 20 நிமிடம்" என்று விவரக்குறிப்பில் எழுதினால், சமவெளியில் செய்து பார்ப்பவருக்கு வேறு சாறு வரும். மற்றவர் படித்துச் செய்ய முடியாத விவரக்குறிப்பு செல்லாது என்று தாக்க அதுவே போதும். வெப்பநிலை, நேரம், இலைக்கும் நீருக்கும் உள்ள எடை விகிதம் மூன்றையும் எண்ணில் எழுதுங்கள். கொலோடியனிலும் அப்படித்தான். ஈதர் கலந்தது, உயரத்தில் வேகமாக ஆவியாகும். கோயம்புத்தூரில் அடைத்த பாட்டில் ஊட்டியில் திறந்தால் புஸ்ஸென்று கக்கும். சில வாரத்தில் கரைசல் தடித்து, மூடியின் கழுத்தில் அமிலம் வெள்ளையாகப் படிகமாகிவிடும். இதைத் தடுக்கும் கரைப்பானோ மூடியோ உங்களிடம் இருந்தால், மருந்தைவிட அதுவே நல்ல கண்டுபிடிப்பாக இருக்கலாம்.

குறை: எதிராளியும் இதே முறையில்தான் செய்கிறார் என்று காட்டுவது கடினம். அவர் பட்டறைக்குள் நடப்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?

## வழி 3: ரகசியம்

கட்டணம் இல்லை, காலக்கெடு இல்லை. தைலம் காய்ச்சும் குடும்பங்களில் தலைமுறையாக நடப்பதும் இதுதான். எந்த மாத இலை, எவ்வளவு வாட விடுவது, அடுப்பை எப்போது குறைப்பது என்பதெல்லாம் பாட்டிலைப் பார்த்துத் தெரியாது.

ஆனால் மருந்துக்கு வரும்போது ரகசியம் பாதிதான். மருந்து விதிகளின் 161-ஆம் விதிப்படி சித்த, ஆயுர்வேத மருந்து லேபிளில் சேர்ந்த பொருட்கள் எல்லாவற்றின் உண்மையான பட்டியல் வேண்டும். செடி என்றால் தாவரவியல் பெயரும் எந்தப் பாகம் என்பதும் வேண்டும். ஆக, மறைக்க முடிவது செய்முறை மட்டும். இந்தியாவில் தொழில் ரகசியத்துக்கென்று தனிச் சட்டமும் இல்லை. வேலையாட்களோடு எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம்தான் பிடி. காய்ச்சுபவருக்குக் கலக்கும் அளவு தெரியாமல், கலப்பவருக்குக் காய்ச்சும் பக்குவம் தெரியாமல் பிரித்து வைப்பது அதைவிட வலுவான பிடி.

பலருக்குத் தெரியாத ஒன்று: "இப்போது ரகசியமாக விற்போம், ஓடினால் பிறகு பேட்டன்ட் போடுவோம்" என்ற திட்டம் நடக்காது. விண்ணப்பத்துக்கு முன்பே இந்தியாவில் ரகசியமாகப் பயன்படுத்தியதும் காப்புரிமையை ரத்து செய்யப் பிரிவு 64 தரும் காரணங்களில் ஒன்று. நியாயமான சோதனைக்காகப் பயன்படுத்தியதுதான் விலக்கு. காசு வாங்கிக்கொண்டு விற்றது சோதனை ஆகாது.

யாருக்கு: செய்முறையில்தான் சூட்சுமம் என்று இருப்பவருக்கு, பேட்டன்ட் ஆசையை முழுவதுமாக விட்டவருக்கு.

## வழி 4: பெயர்ப் பதிவு

பெயர்ப் பதிவில் (டிரேட்மார்க்) மருந்துப் பொருட்கள் வகுப்பு 5-இல் வரும். தனிநபர், சிறு தொழில் என்றால் வகுப்புக்கு ரூ.4,500, 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். ஏற்கெனவே விற்றிருந்தாலும் தடையில்லை. எத்தனை வருடமாக விற்கிறீர்கள் என்பதற்கு பில் இருந்தால் அது இங்கே பலம். காப்புரிமைக்கு விஷமான அதே மே மாத விற்பனை, பெயர்ப் பதிவுக்கு ஆதாரமாகிறது.

பெயரைத் தேர்ந்தெடுப்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். "மரு நீக்கி", "நீலகிரி மரு தைலம்" போன்றவை பொருளையும் ஊரையும் விவரிக்கும் பெயர்கள். பதிவாவது கஷ்டம், பதிவானாலும் காப்பாற்றுவது கஷ்டம். பொருளோடு ஒட்டாத ஒரு சொல் நல்லது. மருந்துப் பெயர்கள் ஒன்றுபோல ஒலிப்பதை நீதிமன்றங்கள் கடுமையாகப் பார்க்கின்றன. 2001-இல் கேடிலா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி அது. எனவே விண்ணப்பிக்கும் முன் உச்சரிப்பையும் தேடிப் பாருங்கள்.

கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது போல நம் மருந்துக்கும் கிடைக்காதா என்றும் கேட்கிறார்கள். அது ஊருக்கும் அங்குள்ள உற்பத்தியாளர்கள் அனைவருக்கும் பொதுவான உரிமை. ஒரு கடைக்காரரின் கலவைக்கு அது ஆகாது.

## வழி 5: வெளியிட்டுவிடுவது

நான் தடுக்கமாட்டேன், ஆனால் என்னையும் யாரும் தடுக்கக்கூடாது என்பவர்களுக்கு. தேதியோடு, தேடினால் கிடைக்கும் இடத்தில், முழு அளவுகளோடு வெளியிட வேண்டும். அரைகுறையாக வெளியிட்டால் இரண்டும் கெட்டான். சம்பளத்துக்கு ஆய்வு செய்யும் கல்லூரி ஆசிரியர், வேலை ஒப்பந்தத்தைப் படிக்காமல் இதைச் செய்யக்கூடாது.

## ஒரே பார்வையில்

| வழி | தொடக்க அரசுக் கட்டணம் (சிறியவர்) | காலம் | ஏற்கெனவே விற்றிருந்தால் | எங்கே உடையும் |
|---|---|---|---|---|
| கலவைக் காப்புரிமை | ரூ.1,600 + ரூ.4,000 | 20 ஆண்டு | பெரும்பாலும் போச்சு | கூட்டுப்பலன் தரவு இல்லாமை |
| செய்முறை, கருவிக் காப்புரிமை | அதே | 20 ஆண்டு | மேம்படுத்திய பகுதிக்கு வாய்ப்பு உண்டு | மீறலை நிரூபிப்பது |
| டிசைன் பதிவு | ரூ.1,000 | 10 + 5 ஆண்டு | போச்சு | உருவத்தைச் சற்று மாற்றினால் |
| ரகசியம் | இல்லை | வெளியே கசியும் வரை | பாதிப்பில்லை | ஆள் வேலையை விட்டுப் போனால் |
| பெயர்ப் பதிவு | ரூ.4,500 | 10 ஆண்டு, புதுப்பிக்கலாம் | பலம் | வேறு பெயரில் அதே மருந்து |

## சேர்த்துப் பிடிப்பது

தைலக் கடைக்காரருக்கு என் கணிப்பு: பெயரைப் பதிவு செய்யுங்கள், காய்ச்சும் பக்குவத்தை ரகசியமாக வையுங்கள், மிச்சப் பணத்தை நல்ல மூடிக்கும் உரிமத்துக்கும் செலவிடுங்கள். காப்புரிமை இருந்தால் மருந்து தானாக விற்றுவிடும் என்பதும் இல்லை. செபோரிக் கெரட்டோசிஸுக்கு 40 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசல் எஸ்கட்டா என்ற பெயரில் 2017 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மருத்துவர் கையால்தான் பூச வேண்டும். 2019-இலேயே அந்த நிறுவனம் விற்பனையை நிறுத்திவிட்டது.

ஆய்வகத்துக்கு: தற்காலிக விவரக்குறிப்பு, அதாவது முழு விவரம் தயாராகும் முன் போட்டுவைக்கும் முதல் விண்ணப்பம். அதே ரூ.1,600-க்கு விண்ணப்பித்த தேதி உங்களுடையதாகிவிடும். முழு விவரக்குறிப்பைத் தர 12 மாதம் கிடைக்கும். ஆனால் தற்காலிகம் என்பதற்காக ஒரு பக்கத்தில் "மருவுக்கு மூலிகைக் களிம்பு" என்று எழுதி முடிக்காதீர்கள். அதில் இல்லாத சங்கதிக்கு அந்தத் தேதி கிடைக்காது. செய்து பார்த்த அளவுகளையெல்லாம் போடுங்கள். 12 மாதம் தாண்டினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். அதற்கு மேல் மன்றாடி அவகாசம் வாங்க வழியில்லை. வெளிநாட்டுக்கும் போவதென்றால் அதே 12 மாதத்துக்குள் போக வேண்டும். இங்கே விண்ணப்பித்து 6 வாரம் ஆகாமல், அனுமதியும் இல்லாமல் வெளிநாட்டில் முதலில் போடக்கூடாது.

பரிசோதனைக் கோரிக்கைக்கு முன்பு 48 மாதம் இருந்தது; 2024 விதித் திருத்தத்துக்குப் பின் 31 மாதம்தான். பழைய கணக்கை மனதில் வைத்துக்கொண்டு கோட்டை விடுபவர்கள் இருக்கிறார்கள். விண்ணப்பதாரர்களில் ஒரு பெண் இருந்தாலோ, ஸ்டார்ட்அப் அல்லது சிறு நிறுவனம் என்றாலோ ரூ.8,000 கட்டி விரைவுப் பரிசோதனை கேட்கலாம். நீலகிரியும் திண்டுக்கல்லும் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தின் கீழ் வருகின்றன. எல்லாம் இணையத்தில் நடப்பதால் கிண்டிக்கு பஸ் ஏற வேண்டியதில்லை.

இனி கண்காட்சியில் கடை போடப் போகிறவர்கள் வரிசையை மாற்றிக்கொள்ளலாம்: பிப்ரவரியில் நாலு கைச் சோதனை, ஏப்ரலில் தற்காலிக விவரக்குறிப்பு, ரசீது எண் கைக்கு வந்த பிறகு பாட்டிலில் லேபிள். லேபிளில் "பேட்டன்ட் பெற்றது" என்று போடக்கூடாது, பெறாததைப் பெற்றதாகப் போட்டால் அபராதம் உண்டு. "விண்ணப்பம் நிலுவையில்" என்று எண்ணோடு போடலாம்.